கீழே இருந்த ஆபீசர்

அவர் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடிதானே சொல்ல வேண்டும். ஆறு வருஷம் எங்களை ஏமாற்றிய ஆள், அந்த ஆறு வருஷத்தில் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் எல்லாம் பேசாமல் இருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

'அவர்' என்று மரியாதை போட்டு எழுதுவதுகூட என் அப்பாவுக்காகத்தான். எங்கள் பூர்வீகம் மார்டள்ளி, கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கிற தமிழ் ஊர். அந்தப் பக்கத்து ஜனங்கள் சண்டை பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்பார்கள். கொத்து வேலைக்காக மைசூருக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அப்பாவின் பேச்சு மாறவில்லை. இந்த ஆளை அவர் கடைசிவரை 'ஆபீசருங்க' என்றே சொன்னார். என்னைக் கேட்டால் 'அவன்' என்பதே அதிகம்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடிக் கட்டடம். மாடியில் இருந்தது நிஜமான எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ். படித்து முடித்தவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு வரிசைப்படி அழைப்பு வரும் என்று காத்திருக்கிற இடம். அதற்குப் போகிற படிக்கட்டு கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். கீழே, ரோட்டைப் பார்த்த மாதிரி, நுழைந்ததும் காலில் இடறுகிற இடத்தில் இருந்தது இவருடைய கடை. கடை என்று நான் சொல்கிறேன். அவர் 'இங்கே' என்பார். 'இங்கே பதிஞ்சாப் போதும்.' 'மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வரணும்.' ஆபீஸ் என்ற வார்த்தையை நாங்களாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

வாசலுக்கு மேலே ஒரு போர்டு. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கன்னட எழுத்து, அரசாங்க போர்டுகளில் இருக்கிற அதே தடிமன், அதே அழுத்தம். உத்யோக சஹகாரி கேந்திரா. கன்னடத்தில் சரகாரி என்றால் அரசாங்கத்துடையது. சஹகாரி என்றால் ஒத்தாசை செய்கிறது, கூட்டுறவு, அப்படி ஏதோ ஒன்று. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ர இருக்க வேண்டிய இடத்தில் ஹ. அந்த ஹ-வின் சுழியை மட்டும் பெயின்டரிடம் சொல்லிச் சின்னதாகப் போட வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு அது ஹ. அப்பா மாதிரி பஸ் போர்டைப் பார்த்துக் கன்னடம் கற்றுக்கொண்டவர்களுக்கு அது ர.

எழுத்து தெரியாதவர்கள்தானே ஏமாந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் பி.யூ.சி. வரை மைசூரில் கன்னடத்தில் படித்தவள். கன்னடப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க். டைப்ரைட்டிங்கில் சீனியர் பாஸ். முதல் நாள் அப்பா அந்த போர்டைக் காட்டி, "சரகாரின்னு போட்டிருக்குது பாரு கண்ணு" என்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். சரகாரி என்றுதான் இருந்தது. அப்பா சொன்னது காதில் விழுந்த பிறகு கண் தனியாக எதையும் படிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு என் மேலேயே இன்னும் இருக்கிறது.

உள்ளே போனதும் அப்பாவைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வாங்கய்யா. எந்த ஊரு?"

"மார்டள்ளிங்க. இப்ப இங்கதானுங்க, கொத்து வேலை."

"அட, நம்ம ஜனாதான், அல்வா. உட்காருங்க. மகளா? பி.யூ.சி.யா? ஒள்ளேதாய்த்து, நல்லதாப் போச்சு."

அந்த 'அல்வா' அவருடைய ஒவ்வொரு பேச்சுக்கும் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்று அர்த்தம். மைசூர்த் தமிழர்கள் எல்லோரும் சொல்கிறதுதான். தமிழில் அல்வா கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷம் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தான் என்ன கொடுக்கிறார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், பொய்யே சொல்லாத மனுஷன்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கவுருமெண்டு ஆபீசரு நம்ம பேச்சுல பேசறாரு கண்ணு" என்று வீடு வந்து சேர்கிறவரை சொல்லிக்கொண்டே வந்தார். மைசூரில் அதுவரை எந்த ஆபீஸிலும் அப்பாவை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

அந்த ஆளின் சாமர்த்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். நாலு பேனா குத்திய சஃபாரி சட்டை. அதில் ஒன்று பச்சை மை. பெரிய அதிகாரிகள்தான் பச்சையில் கையெழுத்துப் போடுவார்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. இவர் கையெழுத்தே போடமாட்டார். பச்சையில் ஒரு சுழி சுழிப்பார், அவ்வளவுதான். ரப்பர் ஸ்டாம்ப் வட்டமாக, ஊதா மையில் இருக்கும். கர்நாடக அரசின் முத்திரையில் இரட்டைத் தலைப் பறவை இருக்கிறதே, அதுதான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு கிளிகள்.

அதைவிடப் பெரிய சாமர்த்தியம் அவர் காட்டிய கெடுபிடி. வேலையை உடனே முடித்துக் கொடுத்தால் யார் நம்புவார்கள்? ஆளே இல்லாத நேரத்திலும் வந்தவர்களை அரை மணி பெஞ்சில் உட்கார வைப்பார். ஃபாரத்தை ஒரு தடவையாவது திருப்பி விட்டெறிவார். "போட்டோல அட்டெஸ்டேஷன் இல்ல, நாளைக்கு வா." ஒன்றரைக்கு 'சாப்பாட்டு இடைவேளை' என்று கன்னடத்தில் எழுதிய அட்டையை வாசலில் மாட்டினால் இரண்டரைக்குத்தான் எடுப்பார். இரண்டாவது சனிக்கிழமை லீவு. குடியரசு தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய்கூடக் கொடுத்தார். அவர் எங்களை விரட்ட விரட்ட எங்களுக்கு நம்பிக்கை வளர்ந்தது. அப்பா அந்த மிட்டாயைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் பாதி, அம்மாவுக்குப் பாதி கொடுத்தார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு எனக்கு அவர் கொடுத்த கார்டு ரேஷன் கார்டோடு சேர்ந்து டிரங்குப் பெட்டியில் இருந்தது. நல்ல கெட்டி அட்டை, பழுப்பு நிறம், பதிவு எண், சிவப்புக் கோடு. அப்பாவுக்கு அந்த அட்டைதான் எல்லாம். சாரத்தில் ஏறி இறங்கி அவருக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. என் மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடிக்கணும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. இரண்டு இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு தடவையும், "வேலைக்குக் கார்டு வரட்டுமுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டு தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்துக் கார்டைப் புதுப்பிக்கப் போனோம். "சீனியாரிட்டி ஏறுதா சார்?" என்று கேட்டேன். "காத்திருக்கறவங்களுக்கு ஏறத்தானே வேணும், அல்வா" என்றார். இதில் பொய் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

அன்றைக்குத்தான் அப்பா அந்த வாசல் படியைப் பார்த்தார். சிமெண்ட் பெயர்ந்து, செங்கல் வெளியே தெரிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் அதில் கால் வைக்கத் தடுமாறினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் காசில் அரை மூட்டை சிமெண்டும் மணலும் கொண்டுபோய் இரண்டு படியையும் புதிதாகக் கட்டினார். ஓரத்தை உருட்டி, வழுக்காமல் இருக்கக் கோடு போட்டு, ஒரு கோயில் படிக்குச் செய்கிற மாதிரி செய்தார். அந்த ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் வேடிக்கை பார்த்தார்.

"எவ்வளவுய்யா ஆச்சு?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"கவுருமெண்டு எடமுங்க. நாலு சனம் வந்து போற எடம். இதுக்குப் போய்க் காசு வாங்குவாங்களா?" என்றார் அப்பா.

ஐயா, இது கவர்மெண்ட் இடமில்லை, என் சொந்தக் கடை, கூலியை வாங்கிக்கொள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மனுஷனாகப் பிறந்தவன் சொல்லியிருப்பான். அவர் படியைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாச் செஞ்சிருக்கே, அல்வா" என்றார்.

போன மாதம் என் மகன் பாஸ்போர்ட்டுக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விவரம் அடித்துக்கொண்டிருந்தான். தேடியதும் முதலில் வந்தது அதுதானாம். அரசாங்க நீலம், மூலையில் ஏதோ ஒரு முத்திரை, கொடியின் மூன்று நிறத்தில் ஒரு பட்டை. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது. அந்த லட்சணம்தான் எனக்குச் சந்தேகம் கொடுத்தது. "மேலே அட்ரஸை எழுத்து எழுத்தாகப் படி" என்றேன். ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. "இப்பக் கடைசிவரைக்கும் கீழே போ" என்றேன். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில், தாங்கள் தனியார் என்றும் எந்த அரசுத் துறையோடும் சம்பந்தம் இல்லை என்றும் போட்டிருந்தது. "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டான். "எனக்கு இந்த ஆளைத் தெரியும்" என்றேன்.

ஏனென்றால் என் கார்டிலும் அது இருந்தது. பின்னட்டையின் மடிப்பில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில், கன்னடத்தில் ஒரு வரி: இது தனியார் சேவை. ஆறு வருஷம் எங்கள் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே அந்த வரி இருந்திருக்கிறது.

இந்த ஏமாற்று வெளியே வந்தது என் சிநேகிதியால். டைப்ரைட்டிங் வகுப்பில் என்னோடு படித்தவள், நஞ்சன்கூட்டுக்காரி. ஒரு நாள் ரயிலேறி நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். அவளுக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது, தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு. எனக்கு இரண்டு வருஷம் பின்னால் பதிந்தவள். எனக்கு வராமல் அவளுக்கு எப்படி வந்தது?

"உன் கார்டை எடுடி, பாக்கலாம்" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் எடுத்தேன். அவளுடையதையும் பக்கத்தில் வைத்தாள். அவள் கார்டு மெல்லிய அட்டை, மை பரவி, எண் கோணலாக விழுந்து, பார்க்கவே சகிக்கவில்லை. என்னுடையது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. "நீ எங்கே பதிஞ்சே?" என்றாள். "கீழே" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, அந்தப் படிக்கட்டில் நான் முதல் தடவையாக ஏறினேன்.

மாடியில் நீளமான வரிசை. அதில் எங்களுக்கு முன்னால் நாலாவது ஆளாக அவர் நின்றுகொண்டிருந்தார். அதே சஃபாரி சட்டை, ஆனால் பையில் பேனா ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு பெண், அவர் மகள், என் வயதுதான் இருக்கும். கையில் அந்த மெல்லிய, கோணல் எண் போட்ட கார்டு. மகளின் கார்டைப் புதுப்பிக்க வந்திருந்தார். தன் பெண்ணை மாடியில்தான் பதிந்திருந்தார்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பதறினார் என்று நினைக்கிறீர்களா? வரிசையை விட்டு வராமலே குனிந்து, மெல்லிய குரலில், "நீ ஏம்மா மேலே ஏறி வந்தே? கீழேயே முடிச்சுக் குடுத்திருப்பேனே, அல்வா" என்றார். அந்தக் குரலில் இருந்த அக்கறையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கையில் செருப்பு இருந்திருந்தால் அடித்திருப்பேன். மேலே ஏறும்போது செருப்பை ஏன் கீழே கழற்றிவிட்டு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆபீஸ் என்கிற பயம்தான்.

கவுண்டரில் இருந்த அம்மாள் என் கார்டைத் திருப்பிப் பார்த்து, மடிப்பில் இருந்த அந்த வரியைக் காட்டினாள். "ஈ நம்பர் நம்தல்லம்மா" என்றாள். இந்த எண் எங்களுடையது இல்லை என்றுதான் சொன்னாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாங்க எச்சரிக்கை எழுதிப் போட்டிருக்கோமே, பாக்கலையா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சுவரைக் காட்டினாள். கீழே இருப்பவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படிக்கட்டு முடிகிற இடத்தில், மேலே ஏறி வந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. இன்றைக்குப் பதிந்தால் இன்றையிலிருந்துதான் வரிசை என்றாள். பதிந்தேன். சொல்லிவிடுகிறேன், அந்த வரிசை என்னிடம் வருவதற்குள் என் வயது வரம்பைத் தாண்டிவிட்டது. எனக்கு அந்த வேலை கிடைக்கவே இல்லை.

இறங்கி வந்து அவருக்காக வாசலில் காத்திருந்தேன். "கவர்மெண்ட்னு சொல்லி ஏமாத்தினீங்களே" என்றேன்.

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். உண்மையிலேயே மனசு புண்பட்ட முகம். "யோசிச்சுச் சொல்லு. ஒரு தடவையாவது என் வாயால சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. போலீஸுக்குப் போனாலும் இதைத்தான் சொல்வார், போர்டில் ஹ இருக்கிறது, கார்டில் வரி இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த ஆள் முன்னால் அழுததுதான் எனக்கு இன்றுவரை அவமானம்.

அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. கார்டின் மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். ஒரு காகிதத்தில் ர-வும் ஹ-வும் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு எழுத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நாந்தானே கண்ணு படிச்சுச் சொன்னேன்" என்றார்.

"நானும்தாம்பா படிச்சேன்."

"அந்த ரெண்டு மாப்பிள்ளை வீட்டையும் நாந்தானே வேண்டாம்னேன்" என்றார். அந்தக் காகிதத்தை மடித்து வேலைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாரம் கட்டிய வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் நேராக அந்தக் கடை வாசலுக்குப் போய், கீழ்ப்படியில் குந்தி உட்கார்ந்து, உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வாசலோரப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் கையில் ஃபாரத்தோடு காத்திருந்தார்கள். மேல்படியின் உருட்டிய ஓரத்தில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. சிமெண்ட் சில்லு பெஞ்சுவரை தெறித்தது.

அவர் பாய்ந்து வெளியே வந்தார். "ஏய், யாரய்யா நீ? கவர்மெண்ட் ஜாகாவுல என்ன பண்றே? போலீஸைக் கூப்பிடுவேன்."

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கவுருமெண்டு எடமுங்களா?"

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாக்களைச் சரிசெய்தார்.

"கவுருமெண்டு எடம்னா போலீஸைக் கூப்பிடுங்க, நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறேன். கவுருமெண்டு இல்லீன்னா இது நான் கட்டின படி, என்ற சிமெண்டு. நான் எடுத்துக்கிட்டுப் போறேன். எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து நின்று, "சொல்லுங்க சார், கவர்மெண்ட்தானே?" என்று கேட்டாள். அவள் குரலும் எங்கள் பக்கத்துக் குரல்தான். அவர் அந்த அம்மாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தெருவில் கூடிவிட்ட ஆட்களைப் பார்த்தார். ஆமாம் என்றால் போலீஸ் வரும். இல்லை என்றால் பெஞ்சு காலியாகும். அல்வாகூட வரவில்லை.

கடைசியில் உள்ளே போனார். கையில் அந்த அட்டையோடு வந்து, வாசல் ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளை. அப்போது மணி காலை பத்தே கால்.

அப்பா மிச்சப் படியையும் நிதானமாக உடைத்து முடித்து, பையை உதறி எடுத்துக்கொண்டார். பெஞ்சுக்குப் போய் எல்லோரிடமும், "மேல போங்க, பொறவால படி இருக்குது" என்று சொன்னார். அந்த அம்மாளும் அவள் மகளும் எழுந்து போனார்கள். மற்றவர்கள் காலியான இடத்துக்கு நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டரைக்குத் திறந்துவிடுவார்கள் என்று ஒருவர் எங்களுக்கே சொன்னார்.